பழைய போஸ்ட்களை மொத்தமாக அழிப்பது: எதை அழிக்கிறோம், எது மிஞ்சுகிறது

2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி என்ற வேலை விசாவுக்கும், அதில் போகிறவர்களோடு போகும் குடும்பத்துக்கான எச்-4 விசாவுக்கும் விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை பப்ளிக்காக வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. மாணவர் விசாக்களுக்கு அதே வருடம் ஜூனிலேயே இந்த விதி வந்துவிட்டது. ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்தில் அமெரிக்கக் கான்சுலேட் இருக்கிற சென்னை நம்முடைய ஊர், ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆரில் எந்த ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்தாலும் பக்கத்து டேபிளில் விசாப் பேச்சு காதில் விழும், அதனால் இந்த அறிவிப்புக்குப் பிறகு இங்கே நிறைய பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "மச்சி, பழைய போஸ்ட் எல்லாத்தையும் ஒரே அடியா தூக்க முடியுமா?"

முடியும், ஓரளவுக்கு. ஆனால் ஃபேஸ்புக்கில் தூக்குவது ஒரு மாதிரி, எக்ஸில், அதாவது பழைய ட்விட்டரில், தூக்குவது வேறு மாதிரி, தூக்கிய பிறகு எது எங்கே மிஞ்சிக் கிடக்கிறது என்பது தனிக் கதை. விசா மட்டுமே காரணமும் இல்லை. வரன் பார்க்கும்போது பையனின் ஃபேஸ்புக்கைப் பெண் வீட்டு மாமா ஒருத்தர் ராத்திரி உட்கார்ந்து கீழே கீழே தள்ளிப் பார்ப்பது இங்கே சர்வசாதாரணம். வேலைக்கு எடுக்கிறவர்களும் பேரைப் போட்டுத் தேடுகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழிக்க உட்காருகிற பலர் தப்பான முனையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எந்த ஹீரோவைக் கலாய்த்தோம், எந்தக் கட்சிக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றோம் என்று தேடித் தேடி அழிக்கிறார்கள். நிஜமாகவே ஆபத்தான சரக்கு, அதாவது போன் நம்பர், வீட்டு முகவரி, பிறந்த தேதி, முக்கியமாக அடுத்தவர்களுடைய விவரங்கள், தொடாமல் அப்படியே கிடக்கும்.

இந்தச் சரக்கு எப்படிச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் எதை முதலில் எடுப்பது என்று புரியும். 2009, 2010 வாக்கில் ஆர்குட் என்ற அந்தக் காலத்துச் சமூக வலைத்தளத்திலிருந்து ஃபேஸ்புக்குக்கு மாறியவர்கள் ஸ்க்ராப் எழுதும் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். ரெண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதை ஒருத்தரின் ஃபேஸ்புக் சுவரில் இன்னொருத்தர் எழுதுவார்கள், ஊரே பார்க்கும். போன் தொலைந்துபோனால் "நம்பர் எல்லாம் போச்சு, எல்லாரும் கமெண்ட்ல நம்பர் போடுங்க" என்று ஒரு போஸ்ட், அதற்குக் கீழே வரிசையாக இருபது முப்பது நம்பர், பெயரோடு. இந்த மாதிரி போஸ்ட் அந்தக் காலத்துக் கணக்கு எதைத் திறந்தாலும் ஒன்றாவது இருக்கும், நம்பர் போட்டவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அதே நம்பரைத்தான் வைத்திருப்பார்கள். அது யார் கண்ணில் படும் என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, யோசிக்கிற மாதிரி கம்பெனியும் வைக்கவில்லை. 2009 டிசம்பரில் ஃபேஸ்புக் தன் தனியுரிமை அமைப்புகளை மாற்றியபோது 'எல்லாரும் பார்க்கலாம்' என்பதைத்தான் பரிந்துரையாக முன்னால் நீட்டியது. புதிதாகச் சேர்கிறவர்களின் போஸ்ட் நண்பர்களுக்கு மட்டும் போகும் என்று மாற்றியது 2014 மே மாதத்தில்தான். நடுவில் இருக்கும் அந்த நாலரை வருடத்துப் போஸ்ட்களின் தேதிக்குப் பக்கத்தில் குட்டியாக ஓர் உலக உருண்டை ஐகான் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இருந்தால் அது பப்ளிக்.

அப்புறம் செக்-இன்கள். எக்ஸ்பிரஸ் அவென்யூ 2010-இலும் வேளச்சேரி ஃபீனிக்ஸ் 2013-இலும் திறந்தபோது அங்கே போய் செக்-இன் போடாதவர்கள் குறைவு, அதில் பிரச்சினையும் பெரிதாக இல்லை. ஆனால் "சொந்த வீட்டுக்கு வந்தாச்சு" என்று கிரகப்பிரவேச ஃபோட்டோவோடு போட்ட செக்-இன், குழந்தையின் ஸ்கூல் வாசலில் யூனிஃபார்மோடு எடுத்த முதல் நாள் ஃபோட்டோ, "இன்னிக்கு அம்மாவோட அறுபதாவது பிறந்தநாள்" என்று அம்மாவின் முழுப் பெயரோடு எழுதியது, இதெல்லாம் வேறு ரகம். பாஸ்வேர்டு மறந்தால் கேட்கப்படும் பழைய பாணிக் கேள்விகளையும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிப் போன் செய்கிறவன் நம்மை நம்பவைக்கத் தேவைப்படும் தகவல்களையும் யோசித்துப் பாருங்கள். நாமே எழுதித் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

சென்னைக்காரர்களின் கணக்குகளில் இன்னொரு தனி அடுக்கு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம். டிசம்பர் முதல் வாரத்தில் மின்சாரம் போய், டவர் போய், எங்காவது ஒரு மொட்டை மாடியில் ஒரு கோடு சிக்னல் கிடைத்தவர்கள் எல்லாரும் ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும்தான் உதவி கேட்டார்கள். ஃபேஸ்புக் சென்னைக்காக 'பாதுகாப்பாக இருக்கிறேன்' என்று தெரிவிக்கும் வசதியைத் திறந்துவிட்டது. அந்த நாட்களின் போஸ்ட் ஒன்றின் அமைப்பு எப்படி இருக்கும்? முடிச்சூரோ கோட்டூர்புரமோ, ஏரியா பெயர், தெரு, ஃபிளாட் நம்பர், "வயதானவர்கள் ரெண்டு பேர், ஒருத்தர் டயாலிசிஸ் பேஷன்ட், முதல் மாடி வரைக்கும் தண்ணி", கீழே இரண்டு போன் நம்பர், அதற்கும் கீழே 'ப்ளீஸ் ஷேர்'. நூற்றுக்கணக்கான பேர் அதை ஷேர் செய்தார்கள், நகலெடுத்து ஒட்டினார்கள், மீட்கப்பட்ட பிறகு அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய நேரமும் இல்லை அது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலையின்போது இதே கதை, இன்னும் மோசமாக: நோயாளியின் பெயர், வயது, ஆக்ஸிஜன் அளவு, சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரி, கூட இருப்பவரின் நம்பர். ஒருவரின் மருத்துவ விவரம் இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. அந்த நோயாளி இன்று உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். எப்படியானாலும் அந்த விவரம் நம் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்க இனி ஒரு காரணமும் இல்லை. நடிகரைத் திட்டியதை விட்டுத் தள்ளுங்கள், முதலில் எடுக்க வேண்டியது இவற்றைத்தான் என்பேன்.

சரி, எப்படி எடுப்பது?

ஃபேஸ்புக் இதில் கொஞ்சம் பரவாயில்லை. 2020 ஜூனில் 'மேனேஜ் ஆக்டிவிட்டி' என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். ஆக்டிவிட்டி லாகுக்குள் போய், தேதி வாரியாகவோ ஆள் வாரியாகவோ வடிகட்டி, பலவற்றை டிக் செய்து ஒரே தடவையில் ஆர்கைவுக்கோ ட்ராஷுக்கோ தள்ளலாம். ஆர்கைவ் என்றால் நமக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ட்ராஷில் போட்டால் 30 நாள் வரை இருக்கும், மனது மாறினால் திரும்ப எடுக்கலாம், அதற்கப்புறம் போய்விடும். காகிதத்தில் இது அருமையான ஏற்பாடு. நடைமுறையில், பத்து வருடத்து லாகைத் திறந்து கீழே தள்ளத் தள்ள அது லோட் ஆகிக்கொண்டே இருக்கும், அதிகமாக டிக் செய்தால் பாதியில் ஏதோ எரர் காட்டும், திரும்ப முதலிலிருந்து. ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு, அதிலும் மாதம் மாதமாகப் போனால்தான் வேலை நகரும்.

அழிக்கவே தேவையில்லாத ஒரு குறுக்கு வழியும் அங்கே ரொம்ப நாளாக இருக்கிறது, பலருக்குத் தெரியாது: பழைய போஸ்ட்களைக் கட்டுப்படுத்தும் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்'. ஒரே அழுத்தில், இதுவரை பப்ளிக்காகவும் நண்பர்களின் நண்பர்களுக்காகவும் இருந்த அத்தனையும் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். திரும்ப ஒரே அழுத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வரன் பார்க்கும் மாமாவுக்கு இதுவே போதும். மியூச்சுவல் ஃப்ரெண்டாக அந்த மாமாவே ஏற்கெனவே லிஸ்டில் இருந்தால் நான் பொறுப்பில்லை.

இன்ஸ்டாகிராம் 2022 தொடக்கத்தில் 'யுவர் ஆக்டிவிட்டி' பகுதியில் போஸ்ட், கமெண்ட், லைக் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கும் வசதியைக் கொடுத்தது. நீக்கிய போஸ்ட் 'ரீசன்ட்லி டெலீட்டட்' பகுதியில் 30 நாள் இருக்கும். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்கிறது.

எக்ஸ்தான் தலைவலி. அங்கே மொத்தமாக நீக்க ஒரு பட்டன் இன்றுவரை கிடையாது. ஒவ்வொரு ட்வீட்டுக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, டெலீட் அழுத்தி, 'நிச்சயமா?' என்பதற்கும் ஆமாம் சொல்ல வேண்டும். இருநூறு ட்வீட் என்றால் ஒரு மேட்ச் பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம், இருபதாயிரம் என்றால்? இதற்காகவே வெளியார் செய்த கருவிகள் பல வந்தன. ஆனால் ட்விட்டரின் ஏபிஐ, அதாவது வெளி மென்பொருள்கள் உள்ளே வந்துபோகும் வாசல், ஒருவருடைய டைம்லைனில் கடைசி 3,200 ட்வீட் வரைக்கும்தான் எட்டிப் பார்க்க விடும். அதற்கும் பின்னால் இருப்பவை இருக்கும், ஆனால் பட்டியலில் வராது. அதனால்தான் சிலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டோம் என்று நினைக்கும்போது பக்கத்தில் ஒன்றுமே தெரியாது, ஆனால் மேலே எண்ணிக்கையில் இன்னும் பதினோராயிரம் போஸ்ட் என்று காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பதினோராயிரமும் லிங்க் வைத்திருப்பவருக்குத் திறக்கும், தேடினால் கிடைக்கவும் செய்யும்.

இதற்கு மாற்று, நம் தகவல் முழுவதையும் டவுன்லோட் செய்வது. செட்டிங்ஸில் கேட்டால் ஒரு நாளோ அதற்கு மேலோ கழித்து ஒரு ஜிப் ஃபைல் தயாராகிவிடும். அதைப் பிரித்தால் உள்ளே ட்வீட்ஸ் டாட் ஜேஎஸ் என்று ஒரு ஃபைல். நோட்பேடில் திறந்தால் கண்ணைக் கட்டும், ஆனால் ஒவ்வொரு ட்வீட்டின் நேரம், வாசகம், அதன் அடையாள எண் எல்லாம் அதில் இருக்கும். அந்த எண் கையில் இருந்தால் 3,200 என்ற தடையைத் தாண்டி எவ்வளவு பழையதையும் அழிக்கச் சொல்லலாம். கருவிகள் நம்மிடம் அந்த ஃபைலைக் கேட்பது அதற்காகத்தான். கொடுக்குமுன் ஒன்றை யோசிக்க வேண்டும்: அந்த ஜிப்புக்குள் ட்வீட் மட்டும் இல்லை, நேரடி மெசேஜ்களும் இருக்கின்றன. முழு ஜிப்பையும் தூக்கி யாரோ ஒரு வெப்சைட்டில் ஏற்றுவது, பழைய போஸ்ட்டை மறைக்கப் போய் பழைய அந்தரங்கத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது. ட்வீட் ஃபைலை மட்டும் தனியாகக் கொடுக்கலாம், அல்லது நம் கம்ப்யூட்டரிலேயே ஓடும் கருவியைப் பயன்படுத்தலாம்.

2023-இல் ட்விட்டர் இலவச ஏபிஐயைச் சுருக்கிக் கட்டணம் வைத்ததும் பல இலவசக் கருவிகள் படுத்துவிட்டன. மைக்கா லீ என்ற பாதுகாப்புப் பொறியாளர் நடத்திவந்த செமிஃபெமரல் அப்படி நின்றுபோன ஒன்று. பின்னால் அவர் ஏபிஐயே இல்லாமல், நம் கம்ப்யூட்டரில் நாம் லாகின் செய்த பிரவுசரையே ஓட்டி அழிக்கும் விதமாக சிட் என்ற பெயரில் வேறொன்று செய்தார். மிஞ்சியிருக்கும் கருவிகள் பலவற்றுக்கும் காசு கட்ட வேண்டும். காசு கேட்பதில் தப்பில்லை. பாஸ்வேர்டைக் கேட்டால் தப்பு. பிரவுசர் எக்ஸ்டென்ஷன் என்றால் அது நாம் பார்க்கும் பக்கத்தையெல்லாம் பார்க்க முடியும் என்பதையும், வேலை முடிந்ததும் கனெக்டட் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வேகமாக அழித்தால் ஏதோ ரோபோ நுழைந்துவிட்டது என்று கணக்கையே கொஞ்ச நேரம் பூட்டி வைப்பதும் உண்டு.

கருவி கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் நமக்கென்றே இருக்கிறது. இந்தக் கருவிகள் எல்லாம் சொல்லை வைத்து வடிகட்டச் சொல்கின்றன: இந்தச் சொல் இருக்கும் போஸ்ட்டை மட்டும் அழி. ஆங்கிலத்தில் எழுதியவருக்குச் சரி. நாம் 2010-இல் எழுதியது பாதித் தங்கிலீஷ். 'வந்தேன்' என்பதை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதியிருப்போம், ஒரே ஆள் ஒரே நாளில். தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தாலும் வேற்றுமையும் சந்தியும் ஒட்டிக்கொண்டு சொல் உருமாறிவிடும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டுக்கு' வராது, 'சாதி' என்று தேடினால் 'ஜாதி' வராது. மீம் ஃபோட்டோவுக்குள் இருக்கும் எழுத்து சுத்தமாக மாட்டாது, நம் ஊரில் வம்பில் மாட்டிவிடுவது பெரும்பாலும் அதுதான். அதனால் நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லை விடத் தேதி நம்பகமான வடிகட்டி. 2014-க்கு முந்தையது மொத்தமும் போகட்டும் என்று முடிவெடுப்பது, கெட்ட வார்த்தை எங்கே இருக்கிறது என்று தேடுவதைவிடப் பல மடங்கு சுலபம். நம்பரைத் தேடுவதும் சுலபம்தான்: டவுன்லோட் செய்த ஃபைலில் பத்து இலக்கமாக வரும் எண்ணைத் தேடினால் போதும், மொழி தடையில்லை. வெள்ளத்துப் போஸ்ட்களும் கொரோனாப் போஸ்ட்களும் பெரும்பாலும் அதில் சிக்கிவிடும்.

இப்போது, அழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பது.

நாம் டெலீட் அழுத்தினதும் கம்பெனியின் சர்வரில் நடப்பது உடனடி அழிப்பு இல்லை. முதலில் 'இதைக் காட்டாதே' என்று ஒரு குறி விழும். உண்மையான அழிப்பு பின்னால் நிதானமாக நடக்கும், பல ஊர்களில் இருக்கும் நகல்களிலும் பேக்கப்பிலும் அது போய்ச் சேர நாளாகும். ஃபேஸ்புக் கணக்கையே நீக்கினால் எல்லாம் போக 90 நாள் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். 2023 மே மாதத்தில் ட்விட்டரில் ஏற்கெனவே அழித்த ட்வீட்கள் திரும்பவும் முளைத்துவிட்டதாகப் பலர் புகார் சொன்னார்கள், மொத்தமாக அழித்தவர்களுக்கே அப்படி நடந்திருந்தது. கணக்கை மூடினாலும் பதிவு செய்தபோது கொடுத்த விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று நம்மூர் ஐடி விதிகள் 2021 கம்பெனிகளுக்குச் சொல்கின்றன. ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா, பெரியவர்களின் பப்ளிக் போஸ்ட்களை 2007 முதலானவற்றிலிருந்து எடுத்து ஏஐக்குப் பயிற்சி கொடுத்ததாக 2024 செப்டம்பரில் ஆஸ்திரேலிய செனட் விசாரணையில் ஒப்புக்கொண்டது. ஏற்கெனவே அப்படிப் போனதை இன்று நாம் அழிப்பது திரும்பக் கொண்டுவராது.

கம்பெனிக்கு வெளியே இருப்பது இன்னும் அதிகம். சாதாரண ரீட்வீட் நம் ட்வீட்டோடு சேர்ந்து போய்விடும். மேற்கோள் காட்டிப் போட்டது போகாது, நடுவில் 'நீக்கப்பட்டது' என்ற பெட்டியோடு அவர்களின் கிண்டல் மட்டும் நிற்கும், அது சில சமயம் மூல ட்வீட்டை விட மோசமாகத் தெரியும். ஸ்க்ரீன்ஷாட் பற்றிச் சொல்லவே வேண்டாம். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் யாராவது சேமித்திருந்தால் அங்கே இருக்கும், கணக்குக்குச் சொந்தக்காரர் எழுதிக் கேட்கலாம். கூகுள் தேடலில் பழைய துணுக்கு இன்னும் வந்தால், மூலப் பக்கம் போய்விட்டது என்று சொல்லிப் புதுப்பிக்கக் கேட்கும் ஒரு படிவம் கூகுளிடமே இருக்கிறது, அது ஒழுங்காக வேலை செய்யும்.

பழைய ட்வீட் எப்போது கிளம்பும் என்பதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் ஆலி ராபின்சன். 2021 ஜூனில் லார்ட்ஸில் நியூசிலாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்கு முதல் டெஸ்ட் ஆடுகிறார். அதே நாள் அவர் 2012, 2013-இல் எழுதிய இனவெறி, பெண்வெறுப்பு ட்வீட்கள் வெளியே வருகின்றன. அந்த மேட்சில் ஏழு விக்கெட் எடுத்தார், அடுத்த டெஸ்ட்டுக்கு முன்னால் சஸ்பெண்ட். எட்டு ஒன்பது வருடமாக அந்த ட்வீட்கள் அங்கேயேதான் இருந்தன, யாரும் சீண்டவில்லை. ஆள் பெரிதானதும்தான் கிளறினார்கள். நமக்கெல்லாம் டெஸ்ட் கேப் கிடைக்கப் போவதில்லை, ஆனால் கல்யாணம், வேலை, அசோசியேஷன் தேர்தல் என்று சின்ன அளவில் எல்லாருக்கும் ஒரு லார்ட்ஸ் வரும்.

சட்டப் பக்கம் போனால் ஒரு விஷயம் தெளிவு: அழித்துவிட்டால் வழக்கு போய்விடாது. 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு போஸ்ட்டை ஃபேஸ்புக்கில் பகிர்ந்த நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான எஸ்.வி.சேகர், அதை உடனே நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. சமூக ஊடகத்தில் அனுப்பும் செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி, அது செய்த சேதத்துக்கு அனுப்பியவர்தான் பொறுப்பு என்பது தீர்ப்பின் சாரம். உச்ச நீதிமன்றமும் அடுத்த மாதமே தலையிட மறுத்துவிட்டது. இதைவிட முக்கியம், ஏற்கெனவே ஒரு புகாரோ வழக்கோ இருக்கும்போது சம்பந்தப்பட்ட போஸ்ட்டை அழிப்பது. சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அது வராமல் தடுக்க அழிப்பதே குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் தனிக் குற்றம். அந்த நிலையில் இருப்பவர் எதையும் தொடாமல் வக்கீலைப் பார்ப்பது நல்லது. விசாக்காரர்களுக்கும் இதே ரகத்தில் ஓர் எச்சரிக்கை: 2019 மே 31 முதல் விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய கணக்குகளின் பெயரைக் கேட்கிறது. போஸ்ட்டை அழிக்கலாம், கணக்கையே மூடலாம், ஆனால் அந்த ஐந்து வருடத்துக்குள் இருந்த கணக்கைப் படிவத்தில் எழுதாமல் விடுவது பொய் சொல்வதாகிவிடும். பழைய அரசியல் போஸ்ட்டை விட அதுதான் விசாவைக் காலி செய்யும்.

கம்பெனியை அழிக்க வைக்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்றால், 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: ஒருவர் தானே பொதுவெளியில் வைத்த தன் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சட்டமே உதாரணமும் கொடுக்கிறது, தன் கருத்துகளை எழுதும்போது சமூக ஊடகத்தில் தன் விவரத்தைத் தானே வெளியிட்டவர் என்று. அதாவது நாம் பப்ளிக்காகப் போட்டதை யாரோ அள்ளிக்கொண்டு போனால் இந்தச் சட்டத்தைக் காட்டி மிரட்ட முடியாது. ஐரோப்பாவில் 2014-இலேயே கூகுளுக்கு எதிரான தீர்ப்பில் தன் பெயரைத் தேடினால் வரும் லிங்க்குகளைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்லும் உரிமை கிடைத்துவிட்டது. நம் ஊரில், விடுதலையான ஒருவர் தீர்ப்பு நகலிலிருந்து தன் பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்ட வழக்கில் 2021-இல் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருக்குச் சாதகமாகச் சொன்னது, அந்த வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

அதற்காக மொத்தமும் போகட்டும் என்று ஒரே போடாகப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. நாம் அழிக்காமலேயே நம்முடையது நிறையப் போயிருக்கிறது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது, கூகுள் ப்ளஸ் 2019-இல், யாஹூ குழுமங்களில் நடந்த தமிழ் விவாதங்கள் அதற்கடுத்த வருடத்துக்குள். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது ஊர்ப்பக்கம் எத்தனையோ பேரின் இரண்டு மூன்று வருட வீடியோ ஒரே ராத்திரியில் எட்டாத இடத்துக்குப் போனது. வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்கு, அரசாங்க அறிக்கையில் இல்லாத விவரம் அந்தப் போஸ்ட்களில்தான் இருக்கிறது. அதில் நம்பரும் ஃபிளாட் எண்ணும் போனால் போதும், ஃபேஸ்புக் என்றால் எடிட் செய்தே அதை மட்டும் எடுத்துவிடலாம். எக்ஸில் பழையதை எடிட் செய்ய முடியாது, நகல் வைத்துக்கொண்டு அழிக்க வேண்டியதுதான். எப்படியும் முதல் வேலை டவுன்லோட். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் அதே வசதி உண்டு, ஃபோட்டோவை நல்ல தரத்தில் கேட்டு வாங்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுவிட்டால் அப்புறம் கை நடுங்காது.

எக்ஸ் மாதிரியான இன்னொரு சமூக வலைத்தளமான மாஸ்டோடானில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இத்தனை நாளைக்குப் பழசானால் தானே அழிந்துவிடட்டும், ஆனால் பின் செய்ததையும், இத்தனை பேருக்கு மேல் பிடித்ததையும் விட்டுவிடு என்று சொல்லி வைக்கலாம். கூகுளும் லொகேஷன் வரலாற்றுக்கு 3, 18, 36 மாதம் என்று தானியங்கி அழிப்பு தருகிறது. ஃபேஸ்புக்கும் எக்ஸும் போஸ்ட்களுக்கு இப்படிச் செய்யத் தெரியாமல் இல்லை. பழைய போஸ்ட் கிடந்தால்தான் 'பத்து வருடத்துக்கு முன் இதே நாளில்' என்று காட்டி நம்மை உள்ளே இழுக்க முடியும். இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது: ஃபேஸ்புக்கின் மெமரீஸ் பக்கத்தைத் தினம் காலையில் திறந்து அன்றைக்கு வந்ததை மட்டும் பார்த்து, வேண்டாததை அங்கேயே அழித்துக்கொண்டு வந்தால், எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு வருடத்தில் கணக்கின் பெரும்பகுதி சுத்தமாகிவிடும். விசா தேதி நெருங்கியவர்களுக்கு இது ஆகாது, மற்றவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

மிஞ்சுவது கமெண்ட்கள். நம் போஸ்ட் அத்தனையும் அழித்தாலும் அடுத்தவர் போஸ்ட்டின் கீழ் நாம் எழுதியது அங்கேயே இருக்கும், சண்டை போட்டது பெரும்பாலும் அங்கேதான். ஃபேஸ்புக்கில் ஆக்டிவிட்டி லாகில் கமெண்ட்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். யாராவது நம்மை டேக் செய்த ஃபோட்டோவில் டேகை எடுக்க மட்டும்தான் முடியும், ஃபோட்டோவை எடுக்க அவரிடம்தான் கேட்க வேண்டும், கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். யூடியூப் கமெண்ட்கள் கூகுளின் மை ஆக்டிவிட்டி பக்கத்தில் வரிசையாகக் கிடைக்கும், ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும். 2013-இல் ஏதோ ட்ரெய்லருக்குக் கீழே போட்ட சாதிச் சண்டை கமெண்ட் கண்ணில் பட்டால் அழியுங்கள், 'ஃபர்ஸ்ட்' என்று போட்டதையெல்லாம் விட்டுவிடலாம்.